அழிக்க முடியாத பேரேடும் எமது கடன் கொப்பியும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் களனி கங்கை பெருகியபோது, கங்கையோரக் கடைக்காரர்கள் பலர் முதலில் மேலே தூக்கி வைத்தது கடன் கொப்பியைத்தான். அரிசி மூட்டை அதற்குப் பிறகு. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் சரக்கோடு கணக்கும் போன கதைகளை எம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை. சரக்கு போனால் கடனுக்காவது மீண்டும் இறக்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்குப் போய்விட்டால், கொடுக்க வேண்டியவரின் நல்ல மனதை நம்பித்தான் உட்கார வேண்டும்.

இந்தப் பயத்தை ஒரு சந்தையாகக் கண்டுகொண்டவர்களும் இருக்கிறார்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் சிலர் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மட்டக்குளியில் என் கடைக்கும் வந்தார்கள். "ஹாஜியார், உங்கட கொப்பி, பில், இன்வொய்ஸ் எல்லாத்தையும் புளொக்செயின்ல ஏத்தித் தாறம். தண்ணி வந்தாலும் நெருப்பு வந்தாலும் அழியாது. உங்களாலயே அழிக்க ஏலாது" என்றார் ஒரு தம்பி. பிளேன்டீ கொடுத்து முழுவதையும் கேட்டேன். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் எந்த வசனத்தை அவர்கள் தமது சரக்கின் சிறப்பாகச் சொன்னார்களோ, அந்தக் கடைசி வசனம்தான் எனக்கு உறுத்தியது. எமது வியாபாரிகள் சிலர் இதற்குத் தலையாட்டும் நிலையில் இருப்பதால் இந்த வாரம் இந்த விடயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிட்கொயின் போன்றவற்றை வாங்குவதும் விற்பதும் ஆகுமா ஆகாதா என்பது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். நான் பேச வருவது அந்தக் காசைப் பற்றியல்ல. அந்தக் காசுக்கென்று போடப்பட்ட பேரேட்டில், காசோடு சம்பந்தமில்லாத சாமான்களை ஏற்றி வைப்பது பற்றி.

புளொக்செயின் என்பது என்ன? பழைய கணக்குப்பிள்ளைமார் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித்தானே கணக்கைத் தொடங்குவார்கள்? இடையில் ஒரு பக்கத்தில் கைவைத்தால் பின்னால் வரும் அத்தனை பக்கமும் பிழைக்கும். பிட்கொயின் பேரேடும் அப்படித்தான். ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்திய பக்கத்தின் அடையாளம் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், எமது பேரேடு ஒரே ஒரு மேசையில் இருக்கிறது. அந்தப் பேரேட்டின் பிரதி உலகம் முழுவதும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. ஒருவர் தன் பிரதியைத் திருத்தினாலும் மற்றவர்களின் பிரதி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எழுதுவதற்கு மட்டும் கட்டணம்.

அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே கணக்கில்லாத ஒரு விடயம் இருக்கிறது என்பது வேடிக்கை. 2009 ஜனவரி 3ஆம் திகதி, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் இயங்கிய அந்த ஆள் (யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது) முதல் பக்கத்தைத் திறந்தபோது, அன்றைய லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் தலைப்பு ஒன்றை அதில் பதித்தார். வங்கிகளைக் கைதூக்கிவிட பிரித்தானிய நிதியமைச்சர் இரண்டாம் முறையும் தயாராவதைச் சொன்ன தலைப்பு அது. அந்தத் திகதிக்கு முன்னர் இந்தப் பக்கம் எழுதப்படவில்லை என்பதற்கு அது ஒரு அத்தாட்சி. வங்கிகள் மீது ஒரு குத்தலும் கூட.

முதலாளியே சுவரில் எழுதினால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பின்னால் வந்தவர்கள் பிரார்த்தனைகளை எழுதினார்கள். நெல்சன் மண்டேலாவின் படத்தை ஏற்றினார்கள். விக்கிலீக்ஸ் ஆவணங்களையும் ஏற்றினார்கள். இதற்கு அவர்கள் கண்ட வழி, காசு பெறும் விலாசம் போல வேடமிட்டு எழுத்துக்களை நுழைப்பது. ஆளில்லாத வீட்டு விலாசத்துக்கு மணியோடர் அனுப்புவது மாதிரி. அந்தக் காசை எவரும் எடுக்கப் போவதில்லை. ஆனால் எடுக்கப்படாத காசு என்ற பட்டியலில் அது காலாகாலத்துக்கும் கிடக்கும். பேரேட்டை வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த வெற்று வரியைச் சுமக்க வேண்டும். இதைக் கண்டு, 2014இல் பிட்கொயின் மென்பொருளைப் பராமரிப்பவர்கள் ஒரு சமாதான வழி செய்தார்கள். ஓபி ரிட்டர்ன் என்று ஒரு சிறு குறிப்புக் கட்டம். முதலில் 40 பைட், பின்னர் 80 பைட். எழுதத்தான் போகிறீர்கள் என்றால் சுவரை விட்டுவிட்டு இந்தப் பலகையில் எழுதுங்கள் என்ற ஏற்பாடு. 80 பைட் என்றால் ஆங்கிலத்தில் 80 எழுத்து. தமிழில் 26 எழுத்துக்குறிதான் கொள்ளும். எமது பாஷை அங்கேயும் கொஞ்சம் விசாலமாகத்தான் உட்காருகிறது.

அந்தச் சமாதானம் 2023 ஜனவரியில் குலைந்தது. கேசி ரொடார்மர் என்ற மென்பொருளாளர் ஒர்டினல்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார். 2017இலும் 2021இலும் வேறு நோக்கங்களுக்காக விதிகளில் செய்த மாற்றங்களால், கையொப்பங்கள் வைக்கும் பகுதியில் நிறைய இடம் திறந்திருந்தது. அந்த இடத்தில் படம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றையும் ஏற்றலாம் என்று அவர் காட்டினார். 2023 பெப்ரவரி 1ஆம் திகதி ஒரு மந்திரவாதிச் சித்திரம் ஏறக்குறைய 4 மெகாபைட் அளவில் வந்து ஒரு முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்து நிமிடம் உலகத்தின் மற்ற ஆட்களின் காசு அனுப்பும் அலுவலுக்கு அங்கே இடமே இருக்கவில்லை என்று சொல்லலாம். அதே ஆண்டு மே மாதம் இப்படியான பதிவுகள் குவிந்ததில் ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் 30 டொலரைத் தாண்டியது. பினான்ஸ் என்ற பெரிய பரிமாற்றகம் பிட்கொயின் எடுப்பதைச் சில மணிநேரம் நிறுத்தி வைத்தது. 2024 ஏப்ரல் 20ஆம் திகதி ரூன்ஸ் என்ற இன்னொரு அலை வந்தபோது ஒரு நாள் சராசரிக் கட்டணம் 120 டொலருக்கும் மேல் போனது. சிறு தொகை அனுப்ப வந்தவன் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்.

கெய்சர் வீதியில் நாட்டாமைமாரின் கைவண்டி போகும் இடைவெளியில் ஒருவர் கொள்கலன் லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நான் காசு கட்டித்தான் நிறுத்தியிருக்கிறேன்" என்று ரசீதைக் காட்டினால் எப்படி இருக்கும்? படம் ஏற்றுபவர்களின் வாதம் அதுதான். கட்டணம் கட்டுகிறோம், எங்கள் காசு, எங்கள் இடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரியின் கண்ணால் பாருங்கள். அந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது? பக்கத்தை எழுதும் சுரங்கக்காரருக்கு, ஒரே ஒரு தடவை. அந்தப் படத்தைப் பிரதி எடுத்து வருடக்கணக்காக வைத்திருக்கும் பல்லாயிரம் பேருக்கு ஒரு சதமும் இல்லை. கிட்டங்கி வாடகை ஒரு நாளைக்கு, சரக்கு கிடப்பது ஆயுள் முழுவதும், அதுவும் அடுத்தவன் கிட்டங்கியில். 2023 தொடக்கத்தில் 500 கிகாபைட்டுக்குக் குறைவாக இருந்த அந்தப் பேரேடு 2025 இறுதியில் 700ஐ எட்டிவிட்டது. எல்லாம் படங்களால் வந்ததென்று சொல்ல முடியாது, காசுக் கணக்கும் வளர்கிறதுதான். ஆனால் சுமை கூடக் கூட, வீட்டில் ஒரு சாதாரணக் கணினியில் பிரதி வைத்திருப்பவர்கள் குறைவார்கள். பிரதி வைத்திருப்பவர்கள் குறைந்தால், 'எவராலும் மாற்ற முடியாது' என்ற அந்த ஒரே பலமும் தேய்ந்துபோகும். எந்த உறுதியை நம்பி படத்தை ஏற்றுகிறார்களோ, அந்த உறுதியையே படம் அரிக்கிறது.

இதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. 2025 ஒக்டோபரில் வெளிவந்த பிட்கொயின் கோர் 30ஆம் பதிப்பு, அந்தக் குறிப்புக் கட்டத்தின் வழமையான எல்லையை 80 பைட்டிலிருந்து 100,000 பைட்டாக உயர்த்திவிட்டது. எப்படியும் ஏற்றுகிறார்கள், மறைவாக ஏற்றிக் கெடுப்பதைவிட வாசலால் வரட்டும் என்பது அவர்களின் நியாயம். இதை ஏற்காதவர்கள், லூக் டாஷ்ஜர் பராமரிக்கும் நொட்ஸ் என்ற வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். அந்த நாட்களில் கணக்கெடுக்கக்கூடிய கணினிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அந்தப் பக்கம் போனது. என்னைக் கேட்டால், முதல் தரப்பு சொல்வதில் தொழில்நுட்ப உண்மை இருக்கிறது. இரண்டாம் தரப்பு சொல்வதில் கடைத்தெருவின் உண்மை இருக்கிறது. நான் இரண்டாம் தரப்பின் பக்கம்தான் சாய்வேன்.

குப்பையைப் பற்றியும் இரண்டு வரி. ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் தேடிப் பார்த்தபோது பிட்கொயின் பேரேட்டுக்குள் ஏறக்குறைய 1600 கோப்புகள் கிடந்தன. அவற்றில் வாயால் சொல்லக் கூசும் விடயங்களும் இருந்தன. 2025 ஒக்டோபரில் கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு இன்னொன்றைச் சொன்னது. வடகொரியாவோடு தொடர்புபட்ட கணினித் திருடர்கள் தமது திருட்டு மென்பொருளையே பொது புளொக்செயினில் ஒளித்து வைத்து அங்கிருந்து இறக்கிக்கொள்கிறார்கள். பொலிஸ் போய் எந்தக் கணினியைப் பூட்டுவது? அழிக்க முடியாத இடம் நல்லவனுக்கு மட்டும் அழிக்க முடியாத இடமாக இருக்குமா?

இனி எமது ஊர் விடயத்துக்கு வருவோம். 'அழியாது' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஏன் இவ்வளவு மதிப்பு என்று விளங்காமல் இல்லை. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோன செய்தியை வாசித்தோம். 2023இல் அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையது உட்பட, இல்லாமல் போயின. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் மட்டக்குளியில் உள்ள பலசரக்குக் கடைக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பது நியாயம்தான்.

ஆனால் இங்கேதான் விற்க வருபவர்கள் இரண்டு சரக்கை ஒரே சாக்கில் கட்டித் தருகிறார்கள். ஒன்று, பத்திரத்தைக் காப்பாற்றி வைப்பது. மற்றது, அது மாற்றப்படவில்லை என்று நிரூபிப்பது. இரண்டும் வேறு வேறு.

நிரூபிப்பதற்குப் பத்திரத்தையே ஏற்றத் தேவையில்லை. அதன் ரேகையை ஏற்றினால் போதும். ஹேஷ் என்பார்கள். எந்தக் கோப்பையும் கணினியில் ஒரு குறிப்பிட்ட கணக்கினூடாக விட்டால் 64 எழுத்து நீளத்தில் ஒரு அடையாளம் வரும். இன்வொய்ஸில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும். ரேகையைப் பார்த்து எவராலும் இன்வொய்ஸை வாசிக்க முடியாது. அந்த ரேகையை இன்று பொதுப் பேரேட்டில் பதித்துவிட்டால், நாளை எவர் கேட்டாலும் 'இந்தக் கோப்பு இதே வடிவத்தில் இந்தத் திகதியிலேயே இருந்தது' என்று காட்டலாம்.

உலகத்தில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் எல்லோரும் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள். சைப்பிரஸில் நிகோசியா பல்கலைக்கழகம் 2014இலேயே சான்றிதழ்களை இப்படி பிட்கொயின் பேரேட்டில் உறுதிப்படுத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2017இல் 111 பட்டதாரிகளுக்கு இவ்வாறு டிஜிட்டல் பட்டம் கொடுத்தது. ஜோர்ஜியா நாட்டில் காணிப் பதிவுகளின் ரேகைகளை 2017இலிருந்து பிட்கொயின் பேரேட்டில் ஊன்றினார்கள். எமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம், பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பின்தங்கிய காட்டுப் பகுதி. அங்கே எட்டபள்ளியில் 65,000 சாதிச் சான்றிதழ்களைப் பொலிகன் என்ற பொது புளொக்செயினில் உறுதிப்படுத்தும் வேலையை 2022இல் தொடங்கினார்கள். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பழங்குடிப் பிள்ளைக்குப் பாடசாலைச் சலுகையும் இல்லை, அரச உதவியும் இல்லை. போலிச் சான்றிதழோடு வருபவன் அந்தப் பிள்ளையின் பங்கைத் தின்றுவிடுகிறான். சான்றிதழில் உள்ள குறியைப் போனால் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று எந்த அலுவலகத்திலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரு கிரிப்டோ நாணயத்தின் பேரேட்டில் காசில்லாத விடயத்தை ஏற்றியதற்கு இதைவிடப் பெறுமதியான காரணம் சொல்வது கஷ்டம்.

என் தொழிலில் இது எங்கே உதவும் என்றும் யோசித்தேன். சில வருடங்களுக்கு முன், நானும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் கூட்டாக ஒரு கொள்கலன் கொத்தமல்லி இறக்கினோம். அனுப்பியவர் முதலில் ஒரு பொதிப் பட்டியல் அனுப்பினார். சரக்கு வந்தபோது மூட்டை குறைவு. கேட்டால், குறைந்த எண்ணிக்கையோடு வேறொரு பட்டியலைக் காட்டி, முதலில் அனுப்பியதே இதுதான் என்று சாதித்தார். எம்மிடம் இருந்த பட்டியலை நாம் திருத்தியதாகவும் ஒரு பேச்சு. மூன்று கிழமை சண்டை, துறைமுகத்தில் தாமதக் கட்டணம் வேறு. அன்று பட்டியல் கையில் கிடைத்த அதே நாளில் அதன் ரேகை எங்காவது திகதியோடு பதிவாகியிருந்தால், திருத்தினோம் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. கொள்கலனின் சீல் உடைக்கும் படம், நிறை போட்ட சிட்டை, காப்புறுதிக்குக் காட்டும் சேதத்தின் படம், இவற்றுக்கெல்லாம் ரேகை நல்ல சாட்சி. இதற்கு மாதாந்தப் பணம் கட்டவும் தேவையில்லை. 2016இலிருந்து ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பல்லாயிரம் பேரின் ரேகைகளை ஒன்றாகச் சுருக்கி, ஒரே ஒரு சிறு வரியாக பிட்கொயின் பேரேட்டில் பதிகிறார்கள். கைவண்டிப் பாதையில் கைவண்டியாகவே போகிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் ரேகை என்ன செய்யாது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளத்தில் கொப்பி போனால் ரேகையிலிருந்து கொப்பியை மீட்க முடியாது. மருந்து அதிகாரசபையின் கோப்புகளுக்கு ரேகை இருந்திருந்தாலும் கோப்புகள் வந்திருக்காது. அதற்கு வேண்டியது வேறிடத்தில் ஒரு பிரதி, அவ்வளவுதான். அடுத்து, பொய்க்கு ரேகை வைத்தால் அது உண்மையாகிவிடாது. ஜனவரியில் எழுதிய பொய் என்று மட்டும் நிரூபணமாகும். காணி வாங்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இன்னும் நிற்கிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத உறுதி, எந்தப் புளொக்செயினில் இருந்தாலும் உறுதியல்ல. ஜோர்ஜியாவில்கூட அரசாங்கப் பதிவுக்கு மேல்தான் ரேகையை வைத்தார்கள், அதற்குப் பதிலாக அல்ல.

இனி அந்தத் தம்பிமார் சொன்ன விடயம். அவர்கள் ரேகையைப் பற்றிப் பேசவில்லை. கொப்பியையே பக்கம் பக்கமாக ஏற்றப் போகிறார்கள். பெயர், போன் நம்பர், அடையாள அட்டை நம்பர், பாக்கி. நான் கேட்டேன், ஊர் முழுக்க வாசிக்குமே என்று. "இல்ல ஹாஜியார், பூட்டுப் போட்டுத்தான் ஏத்துவம்" என்றார்கள். குறியாக்கம் செய்வதைச் சொல்கிறார்கள். சரி. ஆனால் வீட்டுப் பெட்டகத்தின் பூட்டுப் பழுதானால் புதுப் பூட்டு மாற்றலாம். இது பூட்டிய பெட்டியை உலகத்தின் அத்தனை தெருவிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வருவது. திறப்பு ஒரு நாள் ஒரு வேலையாளின் போனிலிருந்து களவு போனால், அல்லது இன்னும் 15 வருடத்தில் இந்தப் பூட்டை உடைக்கும் வித்தை வந்தால், எந்தத் தெருவில் உள்ள பெட்டியையும் எம்மால் திருப்பி எடுக்க முடியாது. நாம் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும் என்பதைப் போட்டி வியாபாரம் செய்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"அப்ப பெயருக்குப் பதிலா அடையாள அட்டை நம்பரின் ரேகையை மட்டும் போடுவம்" என்று சொல்பவர்களும் உண்டு. இதுவும் பொறி. நீண்ட இன்வொய்ஸின் ரேகையிலிருந்து இன்வொய்ஸை ஊகிக்க முடியாது. ஆனால் எமது கைபேசி நம்பர் 07இல் தொடங்கி இன்னும் 8 இலக்கம், மொத்தம் 10 கோடி சாத்தியங்கள்தான். ஒரு சாதாரணக் கணினி அத்தனைக்கும் ரேகை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். அடையாள அட்டை நம்பரில் பிறந்த வருடமும் நாளும் இருப்பதால் அதுவும் ஊகிக்கக்கூடியதே. இரகசியமான ஒரு எழுத்துத் தொடரைச் சேர்க்காமல் இப்படிச் சிறு இலக்கங்களுக்கு ரேகை போடுபவர் தொழில் தெரியாதவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றிய தரவைத் திருத்தும்படியும் அழிக்கும்படியும் கேட்பதற்கு இடமளிக்கிறது. அமுலாக்கும் திகதிகள் தள்ளிப்போய், 2025இல் திருத்தமும் வந்தது. ஆனால் போகும் திசை தெளிவானது. வாடிக்கையாளர் வந்து 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கேட்டால், அழிக்க முடியாத பேரேட்டைக் காட்டி என்ன பதில் சொல்லப் போகிறோம்? கட்டணம் கட்டும் வழியும் நேரானதல்ல. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி 2021இல் விடுத்த பணிப்புரை, மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அப்படியானால் பேரேட்டுக் கட்டணத்தை இந்தக் கொம்பனி எந்த வழியால் கட்டுகிறது, எமது பெயரிலா தன் பெயரிலா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசை நின்ற காலம். அதுவரை கையில் காசோடு மட்டுமே கடைக்கு வந்தவர்கள், ஆசிரியர்மார், அரச உத்தியோகத்தர், பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்தவர்கள்கூட, கூட்டம் குறையும்வரை ஒரு ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி, "கொப்பியில எழுதிக்கொள்ளுங்க" என்று சொன்னார்கள். எழுதினோம். பெரும்பாலானவர்கள் கட்டி முடித்தார்கள். கட்டிய அன்று அவர்களின் கண் முன்னாலேயே பேனாவால் குறுக்கே கோடு இழுத்தோம். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அவர்களின் முகத்தில் வந்த நிம்மதியை எமது வியாபாரிகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் எம்மை ஏவுகிறது. எழுதத்தான் ஏவுகிறது, ஊருக்கு வாசித்துக் காட்ட அல்ல. அந்தப் பெயர்கள் எம்மிடம் உள்ள அமானிதம். கட்டிய கடனும் கட்டாத கடனும் ஒரே மாதிரிக் கிடக்கும் ஒரு இடத்தில், அவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் அதை ஏற்றி வைக்க எமக்கு யார் அதிகாரம் தந்தது?

அந்தத் தம்பிமாரிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். ரேகை மட்டும் பதியும் ஒரு சிறு ஏற்பாடு, இறக்குமதிப் பத்திரங்களுக்கும் சேதப் படங்களுக்கும் மட்டும், கோப்பு எங்கள் கையிலேயே இருக்கும்படி செய்து கொண்டு வாருங்கள், நானும் வாங்குகிறேன், நாலு பேருக்கும் சொல்கிறேன் என்றேன். கொம்பனி மூடினாலும் எம்மிடம் உள்ள கோப்பையும் அத்தாட்சிக் கோப்பையும் வைத்து வேறு எவரும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மேர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2018இல் பெரிதாகத் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்ற கப்பல் பத்திரப் புளொக்செயினையே, போதிய ஆட்கள் சேரவில்லை என்று 2022 நவம்பரில் மூடப் போவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய யானைகளே படுத்துவிடும்போது, மடிக்கணினியோடு வருபவர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள் என்று எவருக்குத் தெரியும்? யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

எமது வீதியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், டித்வாவுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்ட முன் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து குருநாகலில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அனுப்பி வைக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்ததும் மகள் பழையதை அழித்துவிடுகிறாள்.